மின்னல் குறி

நவ. 3, திங்கள்
விடாத மழை. மாப்பிள்ளையூரணி பஸ் வரவில்லை. நடந்தே நெட்வொர்க் வகுப்புக்கு. செருப்பு வார் அறுந்தது.

இன்றும் ஐ.பி. முகவரி, ரவுட்டிங். இன்றும் எல்லாம் கணினித் திரையில்தான். திரையில் மின்னல் குறி ஒன்று உண்டு. அதைத் தட்டினால் எந்த ஒயர், எந்தத் துளை என்று அதுவே பார்த்து மாட்டிவிடும். நிஜ ரூட்டர் ஒன்றே ஒன்று, கண்ணாடி அலமாரியில். ஆயுத பூஜைக்கு சார் அப்பிய சந்தனம் துளைக்குள் காய்ந்து கல்லாகிவிட்டது. சுரண்டினால் தெய்வக் குத்தமாம்.

நவ. 4, செவ்வாய்
துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் நெட்வொர்க் ஆள் எடுக்கிறார்கள். வெள்ளி நேர்முகம். அண்ணனிடம் சொன்னேன். பருப்பு நிறுத்துக்கொண்டே தலையாட்டினான். இனி எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான். இது போனால் கல்லாதான்.

கூடப் படிக்கும் ஜெசிந்தா கேட்டாள்: “ஏலே, அங்கன மின்னல் குறி இருக்குமா?”
சிரித்தேன். எரிச்சலும் வந்தது.

வாங்க வேண்டியது: செருப்பு. மறுபடி மறந்தாச்சு.

நவ. 7, வெள்ளி
வெயில். அண்ணி தேய்த்துக் கொடுத்த சட்டை.

கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில். கேள்வி கேட்ட மேடம் முகத்தில் சிரிப்புகூட. பிறகு மேஜைக்குக் கூட்டிப்போனார். ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு லேப்டாப், ஒரு குவியல் ஒயர். இணைக்கச் சொன்னார். கை நீளவே இல்லை. கண் மின்னல் குறியைத் தேடியது, வெட்கக்கேடு. ஏதோ ஒன்றை எடுத்து எதிலோ செருகினேன்.

“தம்பி, இதுக்கு முன்னாடி ஒயரக் கையால தொட்டிருக்கீங்களா?”
இல்லை என்றேன்.

கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிட மாட்டார்கள்.

நவ. 8, சனி
கடைக்குப் போனேன். பில் மிஷின் நேற்றிலிருந்து நெட் கிடைக்காமல் கிடக்கிறதாம், பார்க்கச் சொன்னான் அண்ணன். பின்னால் ஒயர் கழன்றிருந்தது. ஒரே ஒயர். ஒரே துளை. செருகினேன். பில் வந்தது.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். பக்கத்துக் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான்.
“பாத்தியளா அண்ணாச்சி, தம்பி படிச்சது வீண் போவல.”

கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னான். எழுந்து கல்லாவில் எனக்கு இடம் விட்டான்.