சேக்கெர் என்றால் கவலையில்லாதது

காலையிலிருந்தே மலையில் தூறல். பீரோவைத் திறந்து உன் ஸ்வெட்டரை எடுத்தேன். அந்துருண்டை வாசனை. சுவீடன் குளிருக்கென்று நீ போளூரில் வாங்கியது. உன் வீட்டுக்காரர் சேகர் போன மாதம் வந்து, "நீங்களே போட்டுக்குங்க சிஸ்டர்" என்று கொடுத்துவிட்டு உட்காராமலே போய்விட்டார்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் நர்சுகள். சுவீடனில் முதியோர் இல்லங்களில் வேலை கிடைக்கும் என்று நீதான் அந்த மொழியைப் படிக்க ஆரம்பித்தாய். துணைக்கு என்னையும் இழுத்தாய். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ஒரே போனில் பாடம் கேட்போம். 'சேக்கெர்' என்ற சொல் வந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இன்னாடி இது, எங்க வூட்டு ஆளு பேரு!"

பத்திரம், நிச்சயம், இரண்டுக்கும் அங்கே அதுதான் சொல். அதன் வேரையும் நீயே தேடிப் பிடித்தாய். லத்தீனில் 'செ' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. கவலையில்லாதது 'செகூருஸ்'. வட ஜெர்மன் வியாபாரிகளின் பேச்சு வழியாக அது மேலே ஏறி, டென்மார்க்கிலும் நார்வேயிலும் 'சிக்கர்' ஆனது, சுவீடனில் 'சேக்கெர்'. பன்மைக்கு 'சேக்ரா'. கடைசியில் 'ட்' சேர்த்து 'சேக்கெர்ட்' என்றால், பேச்சில் பெரும்பாலும் 'அநேகமாக' என்றுதான் பொருள்.

"ஒரு எழுத்து சேந்தா நிச்சயமே ஆட்டம் கண்டுடுது பாரேன்" என்றாய்.

அப்புறம் உன் மார்பில் கட்டி. வேலூருக்குப் போக பஸ்ஸில் மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு உன் தலை என் தோளில் சாய்ந்தது.

"நான் பொழைச்சிடுவனா? நர்சாட்டம் சொல்லாத."

ரிப்போர்ட்டை நான் பார்த்திருந்தேன். "சேக்கெர்ட்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "'ட்' போட்டுட்டியேடி."

அடுத்த மழைக்கு நீ இல்லை. நான் பாடத்தைத் தொடரவில்லை. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இரண்டு பேர் வேலையில் உடம்பு அலுத்துப் போகிறது, மனசும்தான்.

நேற்று ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஒண்ணும் ஆவாதே சிஸ்டர்?" முன்பெல்லாம் "ஆவாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். இப்போது அது வாயில் வருவதில்லை.

"தெரியலம்மா. மருந்து குடுத்திருக்கு. நான் இங்கயேதான் இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. எவ்வளவு அலுப்பிருந்தாலும், இப்படி உட்காருவதை மட்டும் என்னால் விட முடியவில்லை.