எழுத்துத் தெரியாத ஆள்

அன்புள்ள செவனம்மாவுக்கு,

கோணல்மாணலான என் எழுத்தை மருமகள் ஜெயந்தினி தடுமாறித்தான் வாசித்துக் காட்டுவாள், பொறுத்துக்கொள். முழங்கால் வலி குறைந்ததா? நான் ஹட்டனில் சுகம்.

இந்த ஆபீசில் தோட்டத்து ஆட்களின் கம்பியூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்ற மென்பொருளைத் தமிழில் செய்கிறார்கள். ஏற்கெனவே டெபியன், ஃபெடோரா என்று இரண்டு லினக்ஸ் இருக்கிறதாம்; புதியதை எதன் மேல் கட்டுவது என்று சண்டை. எழுத்தறியாத நான் எதில் குறைவாகத் தடுமாறுகிறேனோ அதுதான் அடித்தளம் என்று முடிவு செய்து, என்னைச் சம்பளத்துக்கு வைத்து இரண்டின் முன்னும் மாற்றி மாற்றி உட்காரவைத்தார்கள். நான் தடுமாறும்போதெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பார்த்துப் பார்த்தே எழுத்து பிடிபட்டுவிட்டது. நேற்று திரையில் இருந்ததைச் சத்தமாக வாசித்தேன். ஆபீஸ் மேலாளர் நிரோஷன் தலையில் கை வைத்தார்.

"போச்சு! படிச்சவங்க நாங்களே இருக்கோமே தாத்தா. இனி ஒங்கள வச்சு என்ன பண்றது?"

"வேல போயிருமாங்க?"

"வீட்டுல பாட்டிக்குப் படிக்கத் தெரியுமா?"

"ஒரு எழுத்தும் தெரியாதுங்க!" என்றேன் பெருமையாக.

திங்கட்கிழமை என் வேலைக்கு நீ வா, நான் பூண்டுலோயா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இங்கே கட்டில் ஒன்றுதான். கம்பளி கொண்டு வா. ராத்திரியில் பேச்சுத் துணை இருக்காது. அதற்குள் ஜெயந்தினி எழுத்துச் சொல்லித்தர வந்தால் விரட்டிவிடு.

அடுத்த வாரம் அங்கிருந்து உனக்கு எழுதுவேன். நிரோஷனிடம் கொடுத்து வாசிக்கச் சொல். நீயாக வாசித்துவிடாதே.

உன் கணவன்,
பழனியாண்டி