சோதனைக்கு நல்ல இரத்தம்

முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், மச்சாள். அந்தப் பச்சை வாசம் விரலில் ஏறியதும் வட்டக்கச்சியில் உங்கள் குசினிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி இருந்தது பேருக்குத்தான். உங்கள் தம்பியைக் கட்டி வந்தவள் நான். ஆனால் அவரோடு கதைத்ததைவிட உங்களோடு கதைத்ததுதான் கூட.

அப்போது சண்டை ஓய்ந்து, வவுனியாவுக்குப் பாதை திறந்திருந்தது. உங்கள் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, உள்ளே இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும் என்று வவுனியாவில் டொக்டர் சொல்லிவிட்டார். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை தந்தார். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. நீங்களோ அதை ஒரு திருவிழா ஆக்கிவிட்டீர்கள். முதல் நாள் சட்டி நிறைய முருங்கை இலை வறை. விடிந்ததும் அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை.

"என்ன மச்சாள், பொம்பிளை பார்க்க வருகினமோ?"

"சும்மா இரும். முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால கை நீட்டப் போறன். சேலையும் நல்லதாய் இருக்கவேணும், இரத்தமும் நல்லதாய் இருக்கவேணும்."

உங்கள் 'நல்ல இரத்தம்' ஒவ்வொரு முறையும் உறைவு கூடியே இருந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டினார். வீட்டுக்கு வந்தால் மிச்ச நாளெல்லாம் கீரையே இல்லை. குளிசை மிஞ்சிக் கையெல்லாம் நீலம் பாரித்தது. கடைசியில் அவர் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மா, கீரை குளிசையின்ர வேலையைக் குறைக்கும். சோதினைக்கெண்டு சமைக்காதேங்கோ. கீரை சாப்பிடுங்கோ. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவாய்ச் சாப்பிடுங்கோ."

பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து உங்கள் கையால் ஒரு பிடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. சோதனைக்குப் போக வழியில்லை. குளிசையும் கிடைத்தால் உண்டு. ஒரு காலை, இலை ஆய்ந்துகொண்டிருந்த உங்கள் வலக்கை சுளகிலே சோர்ந்து விழுந்தது. பேச்சும் போயிற்று, தலையாட்டிச் சொல்லும் 'ஓம்' என்ற ஒரு சொல்லைத் தவிர.

அதன்பின் நான்தான் சமைத்தேன். ஆசைதீரச் சாப்பிடட்டும் என்று ஒருநாள் கீரையை அள்ளிச் சட்டியில் போடப் போனேன். இடக்கையால் என்னைத் தடுத்து, ஒரு பிடி மட்டும் எடுத்து நீட்டினீர்கள்.

"இவ்வளவும் போதுமோ?"

"ஓம்."

இனி ஆர் சோதிக்கப் போகினம் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். அந்த மாரிமழை முடியமுன் நீங்கள் போய்விட்டீர்கள். இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பு வரை அலைந்தபோது எதையெதையோ விட்டுவந்தேன். உங்கள் சேலையை மட்டும் விடவில்லை.

இப்போது எனக்கும் அதே பிசகின துடிப்பு. ஆருக்கு ஆபத்துக் கூட என்று முன்கூட்டியே அறிய, இரத்தத்தில் இன்னும் பலதையும் பார்க்கிறார்களாம். கீரை எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார் இளம் டொக்டர்.

"எங்கட மச்சாளின்ர கையால ஒரு பிடி" என்றேன். சிரித்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நாளைக்குச் சோதனை. இன்றைக்கும் அதே ஒரு பிடிதான், மச்சாள். சோதனைக்கென்று கீரையைக் கூட்டி உங்கள் 'நல்ல இரத்தம்' கொண்டுபோக டொக்டர்மார் விடமாட்டார்கள். உங்கள் சேலையை உடுத்துக்கொண்டு போகிறேன்.