தலைப்பிரசவம் பிலாயிலேயே

பாலவனத்தம்
9-2-1971

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியா இருக்கோம், உன் சுகம் தெரியாமத்தான் தபால்காரர் வர்ற பாதையையே பாத்துக்கிட்டு இருந்தேன். கடிதாசி வந்துச்சு. பிரஷர் ஏறியிருக்கு, டாக்டரம்மா ரயிலேறக் கூடாதுன்னுட்டாக, வளைகாப்புக்கும் வரமுடியாது, பிரசவம் பிலாயிலதான், அத்தை பாத்துக்கிறாகன்னு எழுதியிருந்த. ஒரே கடிதாசியில அத்தைன்னு பதினோரு தடவை, அம்மான்னு ரெண்டு தடவை. உன் மூஞ்சி வீங்குனதை அத்தைதான் முதல்ல கண்டாகளாம். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தாயி, மறைக்க மாட்டேன். தலைப்பிரசவத்தை என்கிட்ட இருந்து பறிக்க சம்பந்தியம்மா சொல்ற சாக்குன்னு அப்பாகிட்டச் சண்டை போட்டேன்.

அந்தப் பொய்யைப் பிடிக்கணும்னே மறுநாள் பஸ்ஸேறி அருப்புக்கோட்டை போயி, உன் கடிதாசியை லேடி டாக்டர்கிட்டக் காட்டுனேன். பிள்ளை உண்டான உடம்புல ரத்தம் ஒண்ணுக்கு ஒண்ணரையா ஊறுமாம், அதுக்கு இடங்கொடுக்க ரத்தக்குழாயெல்லாம் தானா இளகி அகலமாகுமாம். சில பேருக்கு இளகாம இறுகிப் போயிருமாம், பிரஷர் ஏறும், கை மூஞ்சி வீங்கும், கவனிக்காட்டி வலிப்பு வந்துரும்னாக. வலிப்புன்னதும் எங்க அக்காதான் கண்ணுக்குள்ள வந்தா. உன் பெரியம்மா அழகுத்தாய் அப்படித்தான் போனா. உங்கிட்டக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருந்தேன். எட்டாம் மாசம், தலை வலிக்குதுன்னா, கண்ணு மங்குதுன்னா, மூஞ்சி உப்பியிருந்துச்சு. பிள்ளைத்தாய்ச்சி பூரிச்சிருக்கான்னு சந்தோசப்பட்டவ நான். வலிப்பு வந்தப்ப பேயின்னு வேப்பிலை அடிச்சாக. நீ இங்க இருந்திருந்தா உன் மூஞ்சியைப் பாத்தும் அப்படித்தான் பூரிச்சிருப்பேன். உங்க அத்தைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே, அதுவும் எரியத்தான் செய்யுது.

சரி, வராதே. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. தலைவலிச்சாலோ கண்ணு மங்குனாலோ எந்நேரம்னு பாக்காம அத்தைகிட்டச் சொல்லு. வளையல் பார்சல்ல வருது, கை வீங்கியிருக்குமேன்னு ஒரு சுத்துப் பெரிசாவே வாங்கியிருக்கேன், அவுகளையே போட்டுவிடச் சொல்லு. பருத்தி எடுப்பு முடியவும் அப்பா என்னைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்காக.

திருச்சுழி துணைமாலையம்மன் உன்னையும் வயித்துப் பிள்ளையையும் காப்பாத்தட்டும். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்க கும்பிடைச் சொல்லு. பிறந்ததும் தந்தி குடுக்கச் சொல்லு, நீ எப்படி இருக்கேன்னு முதல்ல வரணும், ஆணா பொண்ணான்னு அப்புறம் வரட்டும். பிள்ளையை முதல்ல யாரு கையில வாங்குனாகன்னு மட்டும் எனக்கு எழுதிராத.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
பெத்தம்மாள்