கையை உயர்த்திய படம்

சம்பந்தி அண்ணை,

முதலில் பிள்ளைகளின் புதினம். மூத்தவன் பல் வைத்தியப் படிப்புக்கு எடுபட்டுவிட்டான். நடுவிலான் வயலின் சோதனையில் கடைசிப் படியும் தாண்டிவிட்டான். அவன் வாசித்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்தாள். உங்கள் பேத்தி ஆரணி கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் வழியில் வந்த பிள்ளைகள் இவர்கள். உங்கள் வழியும்தான் என்பீர்கள். சொல்லுங்கள், இனி யாருக்குக் கேட்கப்போகிறது?

இன்று காலை உங்கள் படத்துக்கு மாலை மாற்றக் கதிரையில் ஏறினேன். படத்துக்குக் கீழே தட்டில் ஆரணியின் பேஸ்போல் கையுறை இருக்கிறது. அதிலிருந்து இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது. தோல் வெடிக்காமல் எண்ணெய் பூச வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் குசினிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டேன். "தங்கச்சி, பிள்ளை விளையாடப் போறாளோ, தோசை சுடப் போறாளோ?" என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆரணி மட்டும் அதை மணந்து பார்த்துவிட்டுக் கையில் மாட்டிக்கொண்டாள்.

எங்களுக்குத் தெரிந்தது கிரிக்கெட். ஒல்லாந்தில் அகதியாக இருந்த காலத்தில் பேஸ்போலைப் பிடித்து, அம்பயராகவும் நின்று பழகி, அதை லண்டன் வரைக்கும் கொண்டுவந்தவர் நீங்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் ஏறி, சட்டனில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். டிவியில் அமெரிக்க ஆட்டத்தைப் போட்டவுடன் உங்கள் மகனோடு சண்டை தொடங்கும். அவர் என் மருமகன். உங்களுக்கு வாய் காட்டுகிற ஒரே ஆள்.

"அப்பா, பந்து எங்கயோ போகுது. அந்த அம்பயருக்குக் கண் தெரியாது."

"அம்பயர் சொன்னால் சொன்னதுதான். அந்தக் காலத்தில டிவியில திருப்பிப் போட்டுப் பாத்தவங்களோ? மனிசன்ர கண்தான் சட்டம்."

"கண் பிழைச்சால்?"

"பிழைச்சாலும் அதுதான் சட்டம். தேத்தண்ணி எங்க?"

ஆரணிக்கு அப்போது பதின்மூன்று வயது. பிள்ளைகளின் அணிகளுக்குக் கோடையின் கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சரிசமன். அம்பயராக நீங்கள். மூன்று மூலையும் சுற்றி ஓடி வந்தவள், நாலாவது தட்டைத் தொட வழுக்கிக்கொண்டு விழுந்தாள். தொட்டால் வீடு வந்த கணக்கு, வெற்றி. அதற்கு முன் பந்து வைத்திருந்த பிள்ளை இவளைப் பந்தால் தொட்டிருந்தால் அவுட். மழை காணாத நிலம். புழுதி எழும்பி இருவரையும் மறைத்தது. நீங்கள் கையை மடக்கி உயர்த்தினீர்கள்.

அவள் வாயில் மண்ணோடு எழும்பினாள். "அப்பப்பா, அவள் என்னைத் தொடவே இல்லை."

"அவுட் எண்டால் அவுட். வெளியால போ."

காரில் அவள் அழுதாள். நீங்கள் முன்சீற்றில் இருந்து திரும்பியும் பார்க்காமல் சொன்னீர்கள்: "அழுறவைக்கு ஏன் விளையாட்டு?" அதோடு அவளுடைய விளையாட்டு முடிந்தது. கையுறை தோட்டத்துக் கொட்டிலுக்குள் போனது. உங்களை அப்பப்பா என்று கூப்பிடுவதும் நின்றது. "அம்மா, அம்பயருக்குச் சாப்பாடு போடுங்கோ." "அம்பயரின்ர பஸ் வந்திட்டுது." என் மகள் அதட்டியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். நீங்கள் சிரித்துச் சமாளித்தீர்கள். அந்தச் சிரிப்பு வரவரச் சின்னதானதை நான் கண்டேன். இரக்கப்படவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தது நினைவிருக்கிறதா?

"தங்கச்சி, அண்டைக்கு நான் காணேல்ல. புழுதி கண்ணுக்குள்ள போட்டுது."

"காணாமல் ஏன் கையைத் தூக்கினீங்கள்?"

"சேஃப், அவுட் இல்லை எண்டு விட்டிருந்தால், பேத்திக்கு வென்று குடுத்திட்டான் எண்டு சனம் கதைச்சிருக்கும்."

சனத்தின் வாய்க்குப் பயந்து பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறீர்கள். நேர்மையான மனிதர் என்று நோர்பரி வரைக்கும் பெயர். அந்தப் பெயருக்கு எங்கள் பிள்ளைதான் விலை.

"அவளிட்ட நீங்கள் சொல்லிவிடுங்கோ, எனக்கு ஏலாது" என்றீர்கள்.

"தூக்கின கை உங்கட. நீங்களே சொல்லுங்கோ" என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்தக் கிழமையே போய்விட்டீர்கள். போவதற்கு முதல்நாள் அவள் கதவடியில் நின்று என்னிடம் கேட்டாள்: "அம்பயர் எப்பிடி இருக்கிறார்?" உங்களுக்குக் கேட்டது. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பெரிதாக அச்சடிக்க ஒரு படம் வேண்டும் என்றார் மருமகன். கலியாண வீட்டுப் படம் இருந்தது, கோயில் வாசலில் எடுத்ததும் இருந்தது. ஆரணி தன் ஃபோனில் இருந்ததைக் கொடுத்தாள். அன்றைய ஆட்டத்தில் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் எடுத்தது: நீங்கள் கையை மடக்கி உயர்த்தி நிற்கிற படம். மருமகன் பார்த்துவிட்டு அழுதார். "அப்பா மாதிரியே இருக்கு" என்றார். வந்த சனமெல்லாம் அதற்குப் பூப்போட்டுக் கும்பிட்டது.

எல்லோரும் போனபின் நான் அவளை இருத்திவைத்து, நீங்கள் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் படத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மம்மா, கண்ணைப் பாருங்கோ."

பார்த்தேன். கை மேலே நிற்கிறது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருக்கிறது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு கொட்டிலுக்குப் போய்க் கையுறையை எடுத்துவந்து, உங்களுக்குப் படைத்த வடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இந்த வருடம் அமெரிக்க ஆட்டத்தில் புதுமுறை வந்திருக்கிறது, அண்ணை. பந்து வந்த விதத்தை அம்பயர் பிழையாகச் சொன்னால், ஆடுகிறவர் மறுபடி பார்க்கச் சொல்லித் தன் தலையில் தட்டுவார். இயந்திரம் மறுபடி பார்க்கும். பிழையென்றால், அதே அம்பயர் அவ்வளவு சனத்துக்கும் முன்னால் தன் தீர்ப்பை மாற்ற வேண்டும். நீங்கள் இருந்தால் டிவியை நிற்பாட்டியிருப்பீர்கள்.

போன ஞாயிறு ஆரணி என் கதிரைக்குப் பின்னால் நின்று டிவியில் அதைப் பார்த்தாள். அங்கே அம்பயர் தீர்ப்பை மாற்றினார். அவள் உங்கள் படத்தின் பக்கம் திரும்பி, தன் தலையில் மெல்லத் தட்டினாள். கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

கையுறைக்கு நான் இன்னும் நல்லெண்ணெய்தான் பூசுகிறேன். வெடிக்க விடமாட்டேன். ஆனால் அவள் போகும்போதும் வரும்போதும் பார்க்கிற அந்தப் படத்தை என்ன செய்வது? நீங்கள் போன இடத்தில் படம் பிடிக்கிறவர்கள் யாரும் இருந்தால், கையைக் கீழே விட்டு, கண்ணை நன்றாகத் திறந்தபடி புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போட்டுவிடுங்கள்.