கிராணி வீட்டுக் கஞ்சி

சுங்கை சிப்புட் தோட்டத்துக் கிராணி வீடு,
1926, நவம்பர் மாதம்.

கர்த்தருக்குள் பிரியமான அன்னபாக்கியம் அக்காவுக்கு, தங்கை ஞானப்பூ தோத்திரம் சொல்லி எழுதுவது. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சுகமும், பாகான் செராய் வெள்ளம் வடிந்து காலூன்றக் காய்ந்த தரையும் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு காரியம். இந்த மனிதரோடு இனிமேல் குடித்தனம் பண்ண முடியாது, அத்தான் வந்து என்னை அழைத்துப் போகட்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். சனிக்கிழமை ரயிலுக்கு அத்தான் புறப்படுவதாக நீங்களும் பதில் போட்டிருக்கிறீர்கள். அத்தானை நிறுத்திவிடுங்கள். நான் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். சிரிப்பதானால் அத்தான் இல்லாத நேரம் பார்த்துச் சிரியுங்கள்.

ஈப்போவில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு இவர் போனாரே, அங்கே பிரசங்கத்தின் நடுவில் நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றினாற்போல் இருந்ததாம். அழுதாராம், சிரித்தாராம். பொய் என்று சொல்லமாட்டேன். திரும்பி வந்தபோது முகம் புளிபோட்டுத் துலக்கிய செம்பு மாதிரிதான் இருந்தது. அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் இவருக்குத் தெரியவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாய் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட வேண்டியவர், பேரை விட்டுவிட்டுக் கீர்த்தனை பாடினார். துரை வீட்டு நாய் கூடவே ஊளையிட்டது. துரை ஜன்னலைத் திறந்து நாயைத்தான் திட்டினார், பாவம். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் தொடங்கினால் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். கள்ளுக்கடை வாசலில் நின்று சாட்சி சொன்னார். அவர்களும் பொறுமையாகத்தான் கேட்டார்கள், குடித்துக்கொண்டே. கடைசியில் ஆசீர்வாதக் கிராணி வருகிறார் என்றாலே ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அந்த வெட்கத்தில்தான் உங்களுக்கு எழுதினேன்.

பிறகு மழை பிடித்தது. மழையோடு கொசுக்காய்ச்சலும் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கப் பாய் போதவில்லை. ஏவல் செய்கிற ஆட்களும் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் ஒருவர் மட்டும் கொயினா மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இவருக்கோ ஒரே உற்சாகம். படுத்திருப்பவர்களால் எழுந்து ஓட முடியாதல்லவா? வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முதல் பாயில் கிடந்தவன் மாயாண்டி. பால்மரம் வெட்டுகிறவன். உடம்பு படுத்தாலும் அவன் வாய் படுக்காது. எனக்குக் கிடைத்த ஆனந்தத்தை உனக்குச் சொல்லட்டுமா என்று இவர் ஆரம்பித்தாராம். அதற்கு அவன், "சொல்லுங்க கிராணி ஐயா, நான் எங்க போவப்போறேன்? மொதல்ல அந்தச் சட்டியக் கொண்டுபோய்க் கொட்டிருங்கலா. இந்த நாத்தத்துல உங்க ஆனந்தம் உள்ள எறங்க மாட்டேங்குது" என்றானாம்.

இவர் மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் இறால் பெலாச்சான் சுட்டால் நம் வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறவர். அப்படிப்பட்டவர் சட்டியை எடுத்தார். வாசல்வரை போனார். கொட்டினார். அங்கேயே மயங்கி விழுந்தார். டிரெஸ்ஸர் இவரைத் தூக்கி வந்து மாயாண்டிக்குப் பக்கத்தில் கிடத்த, மாயாண்டி விசிறிவிட்டானாம்.

அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெரட்டு முடிந்ததும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். ஏன் இந்த வேலை என்று மறித்தேன். "ஈப்போவுல ஆண்டவர் அவ்வளவு குடுத்தாரே ஞானப்பூ, நான் ஒக்காந்து அழறதுக்கா குடுத்தாரு?" என்றார். அடுக்களைக்குப் போனால் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்கிற பெரிய பானையையும் காணவில்லை.

பானையையும் புருஷனையும் மீட்டுவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்கட்டில் இவர் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அடியில் கரி, மேலே வேகாத அரிசி. மாயாண்டி பாயில் இருந்தபடியே, "அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க! காய்ச்சல்ல தப்பிச்சவனையெல்லாம் ஐயா கஞ்சி போட்டுக் கொன்னுருவாரு போலருக்கு" என்று கத்தினான். பானையைக் காப்பாற்றத்தான் அகப்பையைப் பிடுங்கினேன், அக்கா. வேறு எந்த எண்ணமும் இல்லை. அன்றைக்குப் பிடுங்கியது, இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுத ஆசைதான். முத்தம்மாவின் புருஷன் ஐயாவு போய்விட்டான். இவர்தான் அவன் உடம்பைக் கழுவித் துடைத்தார். அவன் சாமிக்குச் செய்கிற முறைப்படி அவன் ஆட்கள் எடுத்துப்போனபோது இவரும் ஒரு தோள் கொடுத்தார். கீர்த்தனையும் இல்லை, சாட்சியும் இல்லை. திரும்பி வரும் வழியில் லயத்தில் ஒரு கதவும் சாத்திக்கொள்ளவில்லை. யாரோ இவருக்கு உட்காரப் பலகை போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காளியம்மா என்று ஒரு கிழவி, நாதியில்லாதவள். நேற்று நான் கஞ்சி புகட்டும்போது காய்ச்சல் வேகத்தில் என்னைத் தன் தாய் என்று நினைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஆத்தா போகாதே என்றாள். எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நிரம்பி நின்றது. அதற்கு என்ன பெயரோ தெரியாது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே என்னைச் சாட்சி சொல்ல நிறுத்திவிடுவார்.

இவருக்கு நேற்றுச் சாயங்காலம் உடம்பு சற்றே நடுங்கியது. மழையில் நனைந்ததால்தான், வேறொன்றும் இல்லை என்கிறார். நானும் உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

அக்கா, இனி ஜெபம் பண்ணும்போது இவர் பேரை முதலில் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும் தங்கை,
ஞானப்பூ ஆசீர்வாதம்