எல்லைக்கு அடித்த சுண்ணாம்பு

அனுப்புநர்:
பா. சுமலதா,
மேல் லைன் வீடுகள், நரிமுடி எஸ்டேட்,
கோத்தகிரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், ஊட்டி.

பொருள்: நரிமுடி முகட்டிலுள்ள வெள்ளைக் குறிகள் எஸ்டேட்டின் எல்லைக் குறிகளே, மலையேறுவோருக்கான வழிக்குறிகள் அல்ல என்பதை அளந்து பார்த்து, சிறையிலிருக்கும் என் கணவர் வெளிவர உதவக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர் பாலு அங்கேயே காவல் பார்க்கும் வாச்சர். மழை முடிந்து பனி இறங்கியதும் எல்லைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை. முகட்டில் கல் நட மண் கிடையாது. அதனால் அங்கே பாறையிலேயே வட்டமாக அடித்துவிடுவது வழக்கம். அவருக்கு முன்பிருந்த வாச்சர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

2. முகடு ஓரிடத்தில் செங்குத்தாக அறுந்து போகிறது. இரு பக்கமும் பள்ளம். எல்லை மட்டும் நேராகப் போகும், ஆள் போக முடியாது. என் கணவர் இந்தப் பக்கப் பாறையில் அடித்துவிட்டு, கீழே இறங்கித் தேயிலைக்குள் சுற்றி, அந்தப் பக்கம் ஏறி அடுத்த குறியை அடிப்பார். இது எங்களுக்குத் தெரியும். சுற்றுலா வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்கு நேராகவே தொற்றிப் போகிறார்கள்.

3. சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து நண்பர்களோடு வந்த மனிஷா என்ற பெண் அங்கே சறுக்கி விழுந்து, கீழே ஒரு திட்டில் தங்கிவிட்டார். கால் முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடியவர் என் கணவர்தான். கொழுந்துச் சாக்கால் அந்தப் பெண்ணை முதுகோடு கட்டிச் சுமந்து இறக்கினார். மறுநாள் அவரையே கைது செய்தார்கள். அனுமதியில்லாத பாதைக்குக் குறி போட்டு ஆட்களை ஏற்றிவிட்டாராம். ஐயா, வழி காட்டுகிறவர் பள்ளத்துக்கா வழி காட்டுவார்?

4. எஸ்டேட் மேனேஜரிடம் போய் நின்றேன். "கல்லுக்குத்தான் அடிக்கச் சொன்னோம், பாறைக்கு அடிக்கச் சொல்லலீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுண்ணாம்பு கொடுத்து அனுப்பியவரே அவர்தான். மருத்துவமனையில் மனிஷா, "அக்கா, அவர் வரலைன்னா நான் இல்லை. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்று அழுதார். ஆனால் குறி எதற்கு என்று அவருக்குத் தெரியாதே.

5. ஆகவே நில அளவையரை அனுப்பி, எல்லை வரைபடத்தோடு அந்தக் குறிகளை ஒத்துப்பார்த்து, உண்மையை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். முகட்டின் அடியில் எச்சரிக்கைப் பலகை ஒன்றும் வைக்கவேண்டும்.

6. போன ஞாயிறு மாலை முகட்டிலிருந்து மறுபடியும் யாரோ கூப்பிட்டார்கள். எங்கள் லைன் வீடுகளில் உள்ள ஆண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை அண்ணன், "பாலுவுக்கு நடந்தது தெரியும்தானே தங்கச்சி, போய் இறக்கினா நம்மளத்தான் பிடிப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, "அசையாதீங்க, உக்காந்திருங்க, ஆள் வர்றாங்க" என்று அடிவாரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். வண்டி வருவதற்குள் இருட்டிவிட்டது. பனிமூட்டம் இல்லாததால் தீயணைப்புக்காரர்கள் ஏறி இறக்க முடிந்தது, அன்று மேலே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

என் கணவர் வெளியே வரும்வரை, அங்கிருந்து குரல் கேட்டால் யார் ஏறிப் போவது என்பதையாவது தங்கள் உத்தரவில் எழுதுங்கள், ஐயா.

இடம்: கோத்தகிரி
நாள்: 10.02.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பா. சுமலதா